எசேக்கியா விரித்துவைத்த கடிதம்

சத்துரு நெருக்கும்போது எப்படி ஜெபிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது 2 இராஜாக்கள் 19:14-19. மொத்தமே ஆறு வசனம்.

கி.மு. 701-ல் நடந்தது. யூதாவின் அரணான பட்டணங்கள் 46-ஐப் பிடித்ததாக அசீரிய ராஜா சனகெரிப்பின் களிமண் சாசனமே சொல்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியா ஏற்கனவே 300 தாலந்து (தாலந்து என்பது ஒரு பெரிய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டிவிட்டார். அதற்காக ஆலயக் கதவுகளில் இருந்த பொன்னையும் உரித்துக் கொடுத்தார். அப்படியும் சேனை எருசலேமுக்கு வந்து நின்றது. மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுத்தால் போய்விடுவான் என்ற கணக்கு அன்றைக்கே பொய்த்தது.

சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே, அலங்கத்தின் (நகர மதிலின்) மேல் இருந்த ஜனங்களுக்குக் கேட்கும்படி யூத பாஷையிலேயே கத்தினான். மறுமொழி சொல்ல வேண்டாம் என்பது ராஜாவின் கட்டளை. ஜனங்கள் வாய் திறக்கவில்லை. இந்த மௌனமும் ஜெபத்தின் ஒரு பகுதிதான். மிரட்டல் செய்தி வந்த ராத்திரியே பதில் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால், அடுத்து அவன் என்ன சொல்வானோ என்றே மனம் காத்திருக்கும், ஜெபத்தில் நிற்காது.

எசேக்கியா தனியாகவும் நிற்கவில்லை. துக்கத்தின் அடையாளமாக இரட்டு (முரட்டுத் துணி) உடுத்திய மூப்பர்களை ஏசாயா தீர்க்கதரிசியிடம் அனுப்பி, ஜெபிக்கும்படி கேட்டார். பயப்படாதே என்ற வார்த்தையும் வந்தது. அதற்குப் பிறகுதான் சனகெரிப்பின் கடிதம் வந்தது: மற்ற ஜாதிகளின் தேவர்கள் அவர்களைத் தப்புவிக்கவில்லை, உன் தேவனை நம்பி ஏமாறாதே என்று. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: வாக்குத்தத்தம் கிடைத்த பிறகு நிலைமை மோசமானால், நாம் கேட்டதே தப்போ என்று நினைத்துவிடுகிறார்கள். எசேக்கியா மறுபடியும் ஆலயத்துக்குப் போனார்.

கடிதத்தை வாங்கினார், வாசித்தார், கர்த்தருக்கு முன்பாக விரித்தார். நீங்களும் அப்படியே செய்யலாம். நோட்டீசோ, வழக்குத் தாளோ, எதுவானாலும் முழுதாக ஒருமுறை வாசித்துவிட்டு, பிரித்து வைத்து முழங்காலிடுங்கள். பாதி வாசித்த தாளைவிடப் பெரிய பயம் வேறில்லை.

பிறகு ஜெபத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். பூமியின் ராஜ்யங்களுக்கெல்லாம் நீர் ஒருவரே தேவன் என்று தொடங்குகிறார். அசீரியாவும் அதில் அடக்கம். அடுத்து, கேளும், பாரும் என்கிறார். அதன்பின், அசீரிய ராஜாக்கள் ஜாதிகளை (மற்ற நாட்டு மக்களை) பாழாக்கினது மெய்தான் என்று ஒத்துக்கொள்கிறார். இந்த வரியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். எதிரியின் பலத்தைச் சொல்வது அவிசுவாசம் என்று யாரோ பழக்கிவிட்டார்கள். ஆனால் அந்த மெய்யைச் சொன்ன கையோடு, அந்த ஜாதிகளின் தேவர்கள் மரமும் கல்லும்தானே என்று கடிதத்தில் உள்ள பொய்யையும் எசேக்கியா பிரித்துக் காட்டுகிறார். உங்கள் தாளிலும் எது உண்மை, எது வெறும் மிரட்டல் என்று கோடிட்டுப் பிரித்து, இரண்டையும் சொல்லுங்கள்.

விண்ணப்பம் கடைசி வசனத்தில்தான் வருகிறது: எங்களை இரட்சியும். எப்படி என்று வழி சொல்லிக் கொடுக்கவில்லை. 35-ஆம் வசனத்தில் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேர் விழுந்தார்கள். அது எசேக்கியா கேட்டதல்ல. எதிரிக்கு என்ன ஆக வேண்டும் என்று விவரிக்கத் தொடங்கினால், ஜெபம் நம் கோபத்துக்கு வடிகாலாகிவிடும்.

வக்கீலைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் 2 நாளாகமம் 32-ஐ வாசிக்கட்டும். இதே எசேக்கியா ஊற்றுகளை அடைத்தார், இடிந்த மதிலைக் கட்டினார். அவர் காலத்தது என்று கருதப்படும் 533 மீட்டர் சுரங்க நீர்வழியை இன்றும் எருசலேமில் பார்க்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், போலீசுக்குச் சொல்லுங்கள், அங்கேயிருந்தும் ஜெபிக்கலாம்.

ஏசாயா கொடுத்த அடையாளத்தையும் தவறவிடாதீர்கள். முதல் வருஷம் தானாக முளைப்பதையும், இரண்டாம் வருஷம் அதிலிருந்து விளைவதையும் சாப்பிடுவீர்கள். மூன்றாம் வருஷம்தான் விதைத்து அறுப்பீர்கள் என்றார். சத்துரு ஒரே ராத்திரியில் போனாலும் வயல் திரும்ப அத்தனை நாள் ஆகும். ஆகவே விடுதலைக்காக ஜெபிக்கும்போதே, நடுவில் வரும் மாதங்களின் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், தூக்கம் இவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.