தானேவுக்கு அப்புறம் எங்கள் ஊர்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் எங்கள் செம்மண் ஊரில் தாத்தா காலத்துப் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தன. நெல், மல்லாட்டை (நிலக்கடலை) என்றால் அடுத்த போகத்தில் எழுந்துவிடலாம், பலா காய்க்க வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவரை வீட்டை நடத்தியது பெண்கள்தான். முந்திரிக்கொட்டை உடைக்கிற அத்தைகளின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள், அப்படியும் கொட்டைப்பால் பட்டுத் தோல் கருத்து உரிந்துபோகும், அந்தக் கையாலேயே சோறு பிசைந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள். கூலி மட்டும் இன்னும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, எனக்கு அதில் கோபம் உண்டு.

சரி, அப்போது நட்ட கன்றுகள் இப்போது அடிமரத்திலேயே காய் பிடித்து நிற்கின்றன. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் சாலையோரத்தில் பேரம் பேசாமல் ஒரு பழம் வாங்கிப் போங்கள்.