பெற்றோரைப் பராமரிக்கும் செலவும் வருமான வரியும்

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற்றுத்தர 2007-இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் அத்தகைய மனுக்களை விசாரிக்கிறது. யாரும் சொல்லாமலே அந்தக் கடமையைச் செய்கிற பிள்ளைக்கு வருமான வரிச் சட்டம் என்ன தருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிடைத்த விடை உவப்பாக இல்லை.

செலவுகளைக் காட்டி, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தரும் பழைய வரிமுறையில் இதற்கு மூன்று பிரிவுகள் உண்டு (பிரிவு எண்கள், 2025-26 நிதியாண்டு வரை பொருந்தும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி). 80டி பிரிவின்படி, 60 வயது கடந்த பெற்றோருக்கான மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். காப்பீடே இல்லாதவர்களென்றால் அதே வரம்புக்குள் வைத்தியச் செலவைக் காட்டலாம். மருந்துக்கடையில் ரொக்கமாகக் கொடுத்த பணம் இதில் சேராது. மருமகன் தன் மாமனார் மாமியாருக்குக் கட்டியதும் சேராது. ஒற்றைப் பெண்ணைப் பெற்று, அவள் வீட்டோடு முதுமையைக் கழிக்கும் பெற்றோர் கோவையிலும் ஈரோட்டிலும் இன்று எத்தனையோ பேர். அந்தப் பெண்ணுக்குத் தனி வருமானம் இருந்தால் பிரீமியம் அவள் கணக்கிலிருந்தே போவதுதான் சரி. 80டிடிபி என்பது புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன், மறதிநோய் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கானது. மூத்த குடிமக்களுக்கு இதன் வரம்பு 1,00,000 ரூபாய். காப்பீட்டில் திரும்பக் கிடைத்ததைக் கழித்துக்கொள்வார்கள்.

மூன்றாவதான 80டிடி பிரிவைத்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மாற்றுத்திறனாளியான சார்ந்திருப்பவருக்கு 75,000 ரூபாயும், ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும், உண்மையில் எவ்வளவு செலவானது என்று பாராமல் முழுதாகக் கழிக்கலாம். செவிலியர் பராமரிப்புச் செலவும் இதில் அடக்கம். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்த எழுபது வயதுக்காரருக்கு இது பொருந்தும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை, ஏனென்றால் வயதானவர் படுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறோமே தவிர அவரை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதில்லை. இயக்கக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக அரசு மருத்துவ அதிகாரி சான்றளித்தால் போதும். நேற்றுவரை தோட்டத்தில் ஆள் விட்டு வேலை வாங்கிய மனிதரைச் சான்று வழங்கும் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைப்பதா என்று உறவினர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. அந்தக் கூச்சத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

சார்ந்திருப்பவர் என்ற சொல்லில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. 80டி-க்குச் சார்ந்திருத்தல் தேவையில்லை. மற்ற இரண்டுக்கும் பெற்றோர் முழுமையாகவோ பெரும்பாலுமோ பிள்ளையை நம்பி இருக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு தந்தையின் பெயரில் இருக்கிறது, குத்தகைப் பணம் அவர் கைக்கு வருகிறது என்றால், விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதற்காக அப்படி ஒரு வருமானமே இல்லை என்று ஆகிவிடாது. சட்டம் இதற்கு ரூபாய்க் கணக்கில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. குத்தகைப் பணம் செலவில் எவ்வளவு பங்கைத் தாங்குகிறது என்பதை நேர்மையாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இத்தனையும் பழைய வரிமுறைக்குத்தான். 2023-24 நிதியாண்டிலிருந்து தானாக அமலாகும் புதிய முறையில் இம்மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. 2025-26 நிதியாண்டில் 15,00,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன மூன்று கழிவுகளையும் உச்ச வரம்பில் பெற்று, சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000 ரூபாயும், தன் குடும்பத்துக் காப்பீட்டுக்கு 25,000 ரூபாயும், நிலையான கழிவு 50,000 ரூபாயும் கழித்த பிறகு பழைய முறையில் அவர் கட்ட வேண்டிய வரி 1,17,000 ரூபாய். புதிய முறையில், 75,000 ரூபாய் நிலையான கழிவை மட்டும் கழித்தால் 97,500 ரூபாய். தந்தை படுக்கையில் கிடக்க, தாய்க்கும் பிரீமியம் கட்டி, எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்தவரும் புதிய முறைக்குப் போவதே லாபம். அவருக்கு 2,00,000 ரூபாய் வீட்டுக்கடன் வட்டி இருந்தால் மட்டும் தராசு மறுபக்கம் சாய்ந்து, பழைய முறையில் 75,400 ரூபாயோடு முடியும். ஆக, பெற்றோருக்கான சலுகை கிடைப்பதும் கிடைக்காததும் வீட்டுக்கடனைப் பொறுத்தது என்றாகிவிட்டது. வரி எல்லோருக்கும் குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரே சம்பளம் வாங்கும் இருவரில், பெற்றோரைச் சுமப்பவரையும் சுமக்காதவரையும் புதிய முறை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரில் பெற்றோரை உடன் வைத்துப் பார்ப்பவருக்கு, அவர்களில் ஒவ்வொருவருக்கும் 9,000 சிங்கப்பூர் டாலர் கழிவு உண்டு.

புதிய முறைக்குள்ளும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மனைவிக்குக் கொடுத்த பணத்தின் வட்டி கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும். பெற்றோருக்குக் கொடுத்ததற்கு அந்த விதி கிடையாது, கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் வரியும் இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30,00,000 ரூபாய் வரை போடலாம். 2025-26-இல் இருந்த 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் வருகிறது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் சம்பளம் என்றால் இந்த வட்டியே போதும். அதே பணம் பிள்ளையின் பெயரில் இருந்தால் வட்டிக்கு அவருடைய வரி விகிதம் விழும். வேறு பெரிய வருமானம் இல்லாத தாயின் பெயரில் இருந்தால் வரியே வராது.

ஆனால் கொடுத்த பணம் கொடுத்ததுதான், அது தாயின் சொத்து. நாமினியாகப் பெயர் பதிந்திருப்பதால் மட்டும் கொடுத்த பிள்ளைக்கே அது திரும்பி வந்துவிடாது. உயில் இல்லாவிட்டால் உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் பங்கு உண்டு, தங்கைக்கும் சேர்த்துத்தான். எனவே இப்படிச் செய்ய நினைப்பவர்கள், பெற்றோர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே உடன்பிறந்தவர்களை வைத்துப் பேசி, பெற்றோர் விரும்பினால் உயிலும் எழுதிப் பதிந்துகொள்வது நல்லது.