கொலையாளி வந்தார், விஷம் கலந்தார்

வாடகை நூலகத்தில் எடுத்த பழைய துப்பறியும் நாவலின் ஓரங்களைப் பார்க்காமல் படிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். முன்பு படித்த புண்ணியவான் யாரோ, பெயரைச் சொல்லக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடு, பென்சிலில் 'கடைசியில மாட்டிக்குவா பாரு' என்று மட்டும் எழுதிவைத்திருப்பார். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்கு நினைப்பு. சந்தேகத்துக்குரிய ஏழு பேரில் ஐந்து ஆண்கள் அந்த 'வா'விலேயே விடுதலை.

விமர்சனம் எழுதுகிறவர்களும் வழுக்கி விழுவது இதே இடத்தில்தான். தமிழில் வாய் மூடியிருந்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். 'கொலையாளி ஜன்னல் வழியாக வந்தான்' என்றால் பெண்களெல்லாம் வீட்டுக்குப் போகலாம். 'வந்தாள்' என்றால் கதையே முடிந்தது. சரி, மரியாதையாக 'ர்' போட்டுத் தப்பிக்கலாமே என்று பார்த்தால், 'கொலையாளி வந்தார், பாலில் விஷம் கலந்தார், விடைபெற்றார்' என்று வரும். அடுத்த வரியில் பொன்னாடை போர்த்த வேண்டியதுதான் பாக்கி.

நம் மாத நாவல்களில் இதற்குக் கைவசம் இருக்கும் மருந்து 'உருவம்'. கறுப்பு உருவம் சுவர் ஏறிக் குதித்தது, சிகரெட்டைக் காலால் நசுக்கியது, இருட்டில் மறைந்தது. எல்லாம் அஃறிணை, ஆண்பால் பெண்பால் தகராறே இல்லை. விமர்சனத்தில் இத்தனை உருவங்களை உலவவிட்டால் பேய்க்கதை ஆகிவிடும் என்பதால், 'விஷம் கலந்தது யார்', 'ஜன்னலைத் திறந்த கை' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம். ஆங்கில நாவலென்றால் கூடுதல் தலைவலி. அங்கே 'கசின்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஆளைத் தமிழுக்குக் கொண்டுவந்தால், அத்தை மகனா சித்தி மகளா என்று முதல் வரியிலேயே ஊர் கேட்கும்.

வாசிக்கும்போதே ஒரு தாளில் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று மூன்று பத்தி போட்டுக் குறித்துக்கொள்வது உத்தமம். துப்பறிபவர் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துத் தொண்டையைச் செருமும் இடத்தில் புத்தகத்தை மூடி, உங்கள் ஊகத்தையும் காரணத்தையும் எழுதிவிடுங்கள். பேனாவால். பென்சிலென்றால் முடிவைப் படித்த பிறகு 'நான் அப்பவே நெனச்சேன்' என்று அழித்து எழுதக் கை அரிக்கும்.

முடித்ததும் திரும்பிப் போய்த் தடயங்களைச் சரிபார்ப்பதுதான் விமர்சகரின் உண்மையான வேலை. 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை விதித்த ரொனால்ட் நாக்ஸ் ஒரு பாதிரியார். கட்டளை போடப் பொருத்தமான ஆள்தான். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. ஆகவே 210ஆம் பக்கத்தில் 'கொலையாளிக்கு இடதுகைப் பழக்கம்' என்று அறிவிப்பு வந்தால், 40ஆம் பக்கத்திலாவது யாராவது இடதுகையால் காபி ஆற்றியிருக்க வேண்டும். எங்குமே இல்லையா? அழுகுணி ஆட்டம் என்று தாராளமாக எழுதலாம்.

கதைச் சுருக்கத்தை, 240 பக்க நாவலென்றால் 60, 70ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேக ஆட்களைப் பட்டியல் போடும்போது ஒருவரை மட்டும் விட்டுவிட்டால், விவரமான வாசகர் அவர் கழுத்தில்தான் கையை வைப்பார். 'யாரும் எதிர்பார்க்காத முடிவு' என்று எழுதினால் சக்கர நாற்காலிப் பாட்டிமேல் பழி விழும். 'இதே உத்தியை அந்த நாவலிலும் பார்த்திருக்கிறோம்' என்பதோ ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: இரண்டு நாவலும் காலி.

குறை சொல்லியே தீர வேண்டுமென்றால், ஷெர்லக் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனின் காயம் மாதிரி ஏதாவது அகப்படும். 1887இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில் ஆப்கன் போர்க் குண்டு அவர் தோளில் பாய்ந்தது; 1890இல் வந்த அடுத்ததில் காலுக்கு இறங்கிவிட்டது. இதை எவ்வளவு விளக்கினாலும் முடிவு வெளியே வராது.

லண்டனில் 1952இல் தொடங்கிய அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்டிராப்' நாடகத்தில், கொலையாளி யாரென்று வெளியே சொல்ல வேண்டாம் என்று திரை விழும் முன் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார்கள். பார்த்துவிட்டு வந்து தமிழில் எழுதப்போகிறவருக்கு ஒரே ஒரு வரிதான் மிஞ்சும்: கடைசியில் உருவம் மாட்டிக்கொண்டது.