பழைய ஃபிரிட்ஜின் கம்ப்ரசரை யார் கழற்றுகிறார்கள்?

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்குகிறது. வந்த குட்டியானையிலேயே பழையது ஏறிப் போகிறது. பில்லில் ஆயிரமோ இரண்டாயிரமோ கழித்துக்கொள்வார்கள். பழையது அதைத் தயாரித்த கம்பெனிக்கே திரும்பிப் போகிறது என்று நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது போவது கடைக்காரரின் குடோனுக்கு. அங்கிருந்து மொத்தமாக எடுக்கும் பழைய சாமான் வியாபாரிக்கு. ஓடுகிற நிலையில் இருந்தால் செகண்ட் ஹேண்டில் விலை போகும், இல்லையென்றால் காயலான் கடை. தயாரித்த கம்பெனி அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் ஆண்டுக் கடைசியில் கம்பெனியின் கணக்கு நேராகிவிடும். அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது.

இப்போது நடப்பில் இருப்பவை 2022-இல் அறிவிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள். விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரித்த கம்பெனியே ஏற்க வேண்டிய பொறுப்பு முன்பு 21 வகைப் பொருட்களுக்கு இருந்தது, 106 வகைகளுக்கு விரிந்தது. கணக்கு இப்படி: ஒரு பொருளின் சராசரி ஆயுள் எத்தனை வருடமோ, அத்தனை வருடம் முன்னால் கம்பெனி விற்ற எடையில் ஒரு பங்கை இந்த ஆண்டு மறுசுழற்சிக்குக் காட்ட வேண்டும். அந்தப் பங்கு 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதற்கடுத்த இரண்டுக்கு 80. ஃபிரிட்ஜுக்கு ஆயுள் 10 வருடம். 2015-16-இல் 1,000 டன் விற்ற கம்பெனி 2025-26-க்கு 700 டன் காட்டியாக வேண்டும்.

அந்த 700 டன் தன்னுடைய பிராண்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சியாளரிடம், இவ்வளவு கழிவை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை வாங்கினால் போதும். வீட்டு வாசலிலிருந்து பொருளைச் சேகரிப்பது வேறு வேலை, சான்றிதழ் வாங்குவது வேறு வேலை. ஒழுகுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

சான்றிதழ் எதை வைத்து உருவாகிறது என்பது இன்னும் முக்கியம். தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு என நான்கு உலோகங்கள். பிரித்தெடுத்த உலோகத்தின் எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, இவ்வளவு கழிவு வந்திருக்கும் என்று தீர்மானிக்கிறார்கள். பொய்க்கணக்கைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஃபிரிட்ஜில் ஆபத்தானவை இந்த நான்கும் அல்ல.

ஆபத்து, குழாய்க்குள் ஓடிக் குளிரவைக்கும் வாயுவில் இருக்கிறது. கம்ப்ரசரின் மேலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-134ஏ என்றோ ஆர்-600ஏ என்றோ போட்டு, எத்தனை கிராம் என்றும் இருக்கும். காயலான் கடையில் கட்டிங் பிளேயரால் குழாயை நறுக்குவார்கள். 'உஸ்' என்று சில நொடி சத்தம், அவ்வளவுதான். போனது 100 கிராம் ஆர்-134ஏ என்றால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 143 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்கு உறவு. பக்கத்தில் கேஸ் கட்டிங் நடந்துகொண்டிருந்தால் தீப்பிடிக்கும்.

முறையான ஆலையில் முதலில் கண்ணாடித் தட்டு, ரப்பர் பீடிங், வயர், பல்பு எல்லாம் கையால் கழற்றப்படும். பிறகு ஃபிரிட்ஜைச் சாய்த்து, குழாயின் தாழ்ந்த இடத்தில் துளையிடும் இடுக்கியைக் கவ்வவைத்து வாயுவையும் ஆயிலையும் சேர்த்தே உறிஞ்சுவார்கள். வாயு ஆயிலில் கரைந்திருக்கும் என்பதால் ஆயிலைச் சூடாக்கி அதிலிருப்பதையும் பிரிக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஆயிலை அப்படியே கேனில் ஊற்றிவைத்தால் வாயு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். இவ்வளவுக்கும் பிறகுதான் கம்ப்ரசரை வெட்ட வேண்டும்.

அடுத்தது சுவருக்குள் இருக்கும் ஃபோம். மிகப் பழைய ஃபிரிட்ஜ்களில் அதை உப்பவைத்தது சிஎஃப்சி-11, பிறகு எச்சிஎஃப்சி-141பி, இப்போது பெரும்பாலும் சைக்ளோபென்டேன். முதல் இரண்டும் ஓசோனை அரிப்பவை, மூன்றாவது எரியக்கூடியது. அதனால் உடலை அரைக்கும் ஷ்ரெட்டர் மூடிய அறையில், நைட்ரஜன் செலுத்தி ஓட வேண்டும். வரும் வாயுவை கார்பன் வடிகட்டியில் பிடிக்க வேண்டும். காந்தம் இரும்பை எடுக்கும், எடி கரண்ட் இயந்திரம் அலுமினியத்தையும் செம்பையும் தள்ளும், பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிப்பார்கள். இதில் ஃபோம் வாயுவைப் பிடிக்கும் வேலைக்குச் சான்றிதழில் மதிப்பெண் இல்லை. செலவுதான். செலவு மட்டுமே இருக்கும் வேலையை யாராவது கண்காணித்தால்தான் செய்வார்கள் என்பது என் கருத்து.

முன்பு சான்றிதழ் அடிமட்ட விலைக்குப் போனது. பிறகு அரசு வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. இதை எதிர்த்துச் சில பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. இலக்கை எட்டாதவர்கள் இழப்பீடு கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்குள் பாக்கியை நேராக்கினால் கட்டியதில் 85 சதவீதம் திரும்பும், இரண்டாம் வருடம் 60, மூன்றாம் வருடம் 30, அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

வீட்டிலிருந்து கொடுக்கும்போது கடைப் பையனிடம் விடாமல் பிராண்டின் இலவச எண்ணில் கூப்பிட்டு, எடுத்துப்போவது யார், மறுசுழற்சியாளரின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கம்ப்ரசரை வீட்டிலேயே கழற்றி எடுத்துப்போக விடாதீர்கள். கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜ் வெறும் ஃபோம் பெட்டி, அதை எந்த ஆலையும் ஆசையாக வாங்காது. ஒரு நிதியாண்டின் ஏதாவது ஒரு நேரத்தில் குறைந்தது 1,000 சாதனங்களைப் பயன்படுத்தும் அலுவலகம் என்றால் விஷயம் வேறு: அது சட்டப்படி மொத்தப் பயனாளர், பதிவு செய்தவர்களிடம் மட்டும்தான் கொடுக்க முடியும். ஏலம் விட்டு அதிக விலை சொன்னவரிடம் தள்ளிவிட முடியாது.

போன், லேப்டாப்புக்குத் தனியாக ஒரு சங்கதி. அவற்றின் பேட்டரி இந்த விதிகளில் வராது, அதற்கு 2022-இலேயே வந்த தனி விதிகள் உண்டு. உப்பிய பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து நேரில் கொடுங்கள். சரிசெய்து மறுபடி விற்கக்கூடிய போனுக்குச் சட்டத்தில் சலுகையும் இருக்கிறது: அதற்கான கம்பெனியின் பொறுப்பு தள்ளிப்போகும், பின்னால் கணக்கில் சேரும்போது 75 சதவீதம்தான் சேரும். ஆனால் ரீசெட் செய்யும் முன் கூகுள் அல்லது ஐகிளவுட் அக்கவுண்ட்டை நீக்காமல் கொடுத்தால் அந்தப் போன் பூட்டியே இருக்கும். புத்தம் புதுத் திரையோடு இருந்தாலும் அதை யாரும் மறுபடி விற்க முடியாது. உதிரிபாகமாகக் கழற்றுவார்கள், இல்லையென்றால் நேராக ஷ்ரெட்டர்தான்.