மூடி திறந்த பேனா

டாக்டர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். எழுதாமல் திரும்ப மூடி வைத்துவிட்டார்.

"கால் உளைச்சலுக்குப் போய் அபின் வகை மருந்தா, ஓபியாய்டா?"

உளைச்சல் இல்லை டாக்டர். படுத்த பத்தாவது நிமிடம் கெண்டைக்காலுக்குள்ளே எறும்பு ஊர ஆரம்பிக்கும். எழுந்து நடந்தால்தான் அடங்கும். இதற்குப் பெயர் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். நேற்று ராத்திரி மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்து நின்றபடியே கண்ணயர்ந்தேன்.

ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது இரும்புச் சேமிப்பு, பார்த்தாச்சு, இரும்புச்சத்து ஏற்றியாச்சு. காபாபென்டின் மாத்திரை ஒத்துக்கவில்லை. பிராமிபெக்சோல் முதல் வருடம் நன்றாகக் கேட்டது. அப்புறம் அதுவே நோயை வளர்த்துவிட்டது. ராத்திரி வந்துகொண்டிருந்தது சாயங்காலமே வந்தது, கைக்கும் ஏறியது. ஆக்மென்டேஷன் என்கிறார்கள்.

அவர் பயம் புரிகிறது. அடிமையானவர்களைப் பார்த்திருப்பார். மூச்சு மந்தமாகிற ஆபத்தும் நிஜம்தான்.

ஆனால் 1672லேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இந்த அவஸ்தையை விவரித்து, அபின் மருந்து கொடுத்ததை எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமியின் 2025 வழிகாட்டுதலும் ஓபியாய்டுக்கு நிபந்தனையோடு இடம் தருகிறது.

எனக்கு வேண்டியது நாலு மணி நேரத் தூக்கம். படுத்துக்கொண்டு.

"குறட்டை உண்டா? வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம்?" என்று கேட்டார்.

சொன்னேன். பேனா மூடியை மறுபடி திறந்து, சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். "அடுத்த வாரம் வாங்க, யோசிச்சு வைக்கிறேன்."