விலக்குவது சுலபம், திரும்பச் சேர்ப்பதுதான் வேலை

உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் சாப்பாடுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் ஆப்பிள், மதியம் கொண்டைக்கடலையும் காளானும், ராத்திரி முழுக்கோதுமை ரொட்டி. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும், இடுப்பில் துணி இறுக்கும். அப்புறம் சுருட்டிப் பிடிக்கும் வலி. கழிவறைக்குப் போய்வந்தால் கொஞ்சம் தணியும். சில நாள் வயிற்றுப்போக்கு, சில நாள் மலச்சிக்கல். எங்கே கிளம்பினாலும் வழியில் கழிவறை இருக்குமா என்று முதலில் யோசிப்பேன்.

நானாகவே கோதுமையை நிறுத்தினேன். கொஞ்சம் தேவலை போல இருந்தது. மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் வருத்தப்பட்டது அதற்குத்தான். குளூட்டன் என்ற கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் செலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டுமாம். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள்களின் அளவு குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். அதனால் வலியோடு வலியாகப் பல வாரம் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். நீங்கள் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். பரிசோதனை முதலில், விலக்குவது பிறகு.

மலத்தில் ரத்தம் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, தூக்கத்தில் எழுப்பும் அளவுக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா, ரத்தசோகை இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இதில் ஒன்று இருந்தாலும் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. எனக்கு எதுவும் இல்லை. செலியாக்கும் இல்லை. கடைசியில் ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய் என்று முடிவானது. கடந்த 3 மாதமாக சராசரியாக வாரம் ஒரு நாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் போவதில் மாற்றம் என்பது 2016-இல் வந்த ரோம் 4 அளவுகோல். நான் அதற்குள் அப்படியே பொருந்தினேன்.

உணவியல் நிபுணர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் சொன்னதுதான் ஃபாட்மேப் முறை. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஃபாட்மேப் என்பது சில சர்க்கரை வகைகளுக்கான பொதுப்பெயர். அவற்றைச் சிறுகுடல் சரியாக உறிஞ்சுவதில்லை. அவை தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்க வைக்க, வாயு உண்டாகிறது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். நம்மைப் போன்றவர்களின் குடல் நரம்புகள் அந்த விரிவை வலியாக உணர்கின்றன. இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நாளும் எல்லாம் என் மனப்பிரமை என்றல்லவா நினைத்திருந்தேன்.

மூன்று கட்டங்கள். முதல் கட்டம் விலக்குதல், 2 முதல் 6 வாரம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பெரும்பாலான பயறு வகைகள், பால், ஆப்பிள், தேன், காளான் எல்லாம் போனது. அரிசி, முட்டை, மீன், உருளைக்கிழங்கு, கேரட், ஆரஞ்சு இருந்தன. பூண்டு இல்லாத சமையலில் மனம் ஒட்டவே இல்லை. அதற்கு நிபுணர் சொன்ன வழி அருமையானது. பூண்டில் தொல்லை தரும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பற்களை எண்ணெயில் மெதுவாகச் சூடாக்கி, வாசம் இறங்கியதும் பற்களை எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். ஆனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். பூண்டு எண்ணெயை வெளியில் வைத்திருந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு அதில் உண்டாகும் ஆபத்து இருக்கிறது.

பொட்டலங்களின் பின்பக்கத்தைப் படிக்கவும் இந்தக் கட்டத்தில்தான் பழகினேன். 'நார்ச்சத்து நிறைந்தது' என்று நான் நம்பி வாங்கிய தின்பண்டத்தில் சிக்கரி வேரிலிருந்து எடுத்த இனுலின் இருந்தது. அதுவும் ஃப்ரக்டான்தான். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சார்பிட்டால் என்ற இனிப்பு, அதுவும் ஃபாட்மேப்தான்.

மூன்றாவது வாரம் வயிறு அமைதியானது. நோட்டில் தினமும் வலிக்குப் பத்துக்கு ஏழு, எட்டு என்று எழுதிக்கொண்டிருந்தவள் இரண்டு, ஒன்று என்று எழுதினேன். அங்கேயே நின்றுவிடத் தோன்றியது. இப்படியே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேனே என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். நிபுணர் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் விலக்கிய சர்க்கரைகள்தான் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்கும் உணவு. நீண்ட நாள் நிறுத்தினால் பிஃபிடோபாக்டீரியா குறையும், கால்சியமும் நார்ச்சத்தும் போதாமல் போகும். "இது உங்கள் சாப்பாடு இல்லை, பரிசோதனை" என்றார்.

திரும்பச் சேர்ப்பது இரண்டாவது கட்டம். நிறையப் பேர் கைவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். வலி மறுபடி வருமே என்ற பயம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவு, மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே. மற்றதெல்லாம் விலக்கிய கட்டத்தில் இருந்தபடியே. நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி. முதலில் பாலைப் பார்த்தேன். கால் கப், ஒன்றும் இல்லை. அரை கப், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு முழு கப், ராத்திரி முழுக்கக் கடமுடா. ஆக, பால் எனக்கு எதிரி இல்லை, அரை கப் வரை ஆகும். கெட்டியான சீஸில் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைவு, அது தாராளமாக ஒத்துக்கொண்டது. ரொட்டி ஒரு துண்டு சரி, மூன்று துண்டு சரியில்லை. டின்னில் வரும் கொண்டைக்கடலையை வடித்துக் கழுவினால் கால் கப் தாங்கியது, அதன் சர்க்கரையில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. காயாக இருக்கும் வாழைப்பழம் பிரச்சினை இல்லை, நன்றாகப் பழுத்தது முழுதாகச் சாப்பிட்டால் உப்பியது. பூண்டு அரைப் பல்லிலேயே தோற்றது. வெங்காயம் இரண்டாம் நாளே. கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றிலும் ஃப்ரக்டான்தான் இருக்கிறது என்றாலும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னது எவ்வளவு சரி!

ஒரு முறை ஏமாந்தேன். தனித்தனியாகத் தேறியவை என்று ரொட்டி, கொண்டைக்கடலை, பால் மூன்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டேன். வலி பழையபடி வந்தது. அளவுகள் ஒன்றோடொன்று கூடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது வேளைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்கிறேன்.

நார்ச்சத்துக்குக் கோதுமைத் தவிட்டை விட்டுவிட்டு இசப்கோலுக்கு மாறினேன். சிறிய அளவில் ஆரம்பித்து, நிறையத் தண்ணீரோடு. காபியைக் குறைத்தேன், சாப்பாட்டை மென்று சாப்பிடுகிறேன்.

இப்போது மூன்றாவது கட்டத்தில், தேறியதையெல்லாம் தாங்கும் அளவில் வைத்துச் சாப்பிடுகிறேன். தோற்றவற்றைச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார், தாங்கும் அளவு மாறலாமாம். போன வாரம் வெங்காயத்தை எடுத்தேன். பொடிப்பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி மட்டும், வதக்கிச் சாதத்தில் போட்டேன். அன்று ராத்திரி நோட்டில் வலிக்கு நேரே எழுதியது: ஒன்று. நாளைக்கு இரண்டு தேக்கரண்டி.