வராத மாதவிடாயை எவ்வளவு நம்பலாம்?

“பால்குடிப் பிள்ளை மடியில் கிடக்கும்வரை அடுத்தது தங்காது” என்பது எங்கள் ஆச்சி வீட்டில் பிள்ளை பெற்ற ஒவ்வொருத்திக்கும் சொல்லப்பட்ட உறுதிமொழி. ஆச்சியின் வாழ்க்கையில் அது பொய்க்கவில்லை. கருத்தடை என்ற பேச்சே வாசலுக்கு வராத காலத்திலும் அவர் பெற்ற பிள்ளைகளுக்கிடையே இரண்டரை, மூன்று ஆண்டு இடைவெளி தானாகவே அமைந்திருந்தது. ஆனால் என் அக்காவுக்கு, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்குக் கொடுக்காதிருந்தபோதே மூன்றாம் மாதத்தில் மாதவிடாய் திரும்பிவிட்டது. எனக்கோ மகளின் முதல் பிறந்தநாள் கழிந்த பின்னும் அதற்கான அறிகுறியே இல்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சாப்பாட்டில் வளர்ந்த இருவருக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன் என்று தேடிப் படித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு: ஆச்சி சொன்னது உண்மைதான், ஆனால் அது அவருடைய வீடு நடந்த முறையோடு ஒட்டிய உண்மை, வீடு மாறும்போது அதுவும் மாறிவிடுகிறது.

குழந்தை மார்பில் சப்பும்போது எழும் நரம்புத் தூண்டல் மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியைச் சென்றடைகிறது. சாதாரண நாட்களில் அப்பகுதியிலிருந்து ஒரு ஹார்மோன் குறிப்பிட்ட இடைவெளிகளில் சிறுசிறு துடிப்புகளாக வெளிப்பட்டுப் பிட்யூட்டரி சுரப்பியை இயக்க, அங்கே சுரக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகிய ஹார்மோன்களால் சினைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியேறுகிறது. சப்புதல் அடிக்கடி நிகழும்போது இந்தத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து எல்.எச். சுரப்பு தடுமாறுகிறது, அது தடுமாறினால் முட்டை வெளியேறுவதில்லை, முட்டை வெளியேறாத இடத்தில் கருப்பையின் உட்சவ்வு மாதந்தோறும் தடித்து உதிரவும் வழியில்லை. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனும் இதே சப்புதலால்தான் உயர்கிறது, அதுவும் இரவு நேரத்தில் கூடுதலாக உயர்கிறது. ஆகவே இங்கே கணக்கில் வருவது தாய்க்கு எவ்வளவு பால் சுரக்கிறது என்பதன்று, குழந்தையின் வாய் ஒரு நாளில் எத்தனை முறை மார்பில் பதிகிறது, இரவிலும் பதிகிறதா என்பதே. “எனக்குப் பால் நிறைய இருக்கிறது, அதனால் பயமில்லை” என்று நம்பும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை.

1980களில் எடின்பரோ நகரில் பீட்டர் ஹோவி, ஆலன் மெக்நீலி ஆகியோரின் குழு பாலூட்டும் தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குழந்தைக்கு இணை உணவு தொடங்கி, பாலூட்டும் தடவைகள் குறைந்த பிறகே பலருக்குச் சினைப்பையின் இயக்கம் மீண்டது தெரியவந்தது. இரவுப் பாலை நிறுத்தாமல், இணை உணவை மெல்ல மெல்லக் கூட்டிய தாய்மார்களுக்கு முட்டை வெளியேறுவதும் தள்ளிப்போனது. இதைப் படித்தபோது ஆச்சியின் வீடுதான் நினைவுக்கு வந்தது. பாயில் அருகிலேயே கிடக்கும் பிள்ளை, இரவில் அழுவதற்கு முன்பே வாய்க்கு எட்டும் மார்பு, ஒரு வயது கடந்த பின்னும் கேட்டபோதெல்லாம் பால் என்பதே அங்கு நடைமுறை. என் அக்காவின் குழந்தை முதல் மாதங்களிலேயே இரவில் நீண்ட நேரம் தொடர்ந்து தூங்கும் பிள்ளையாக இருந்தது. “புண்ணியம் செய்தவள்” என்று எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அந்த இரவுத் தூக்கம்தான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் சப்புதல் இல்லாத நீண்ட இடைவெளி மாதவிடாய் சீக்கிரம் திரும்ப இடம் கொடுக்கும் என்பதில் ஐயமில்லை.

கலஹாரிப் பாலைவனத்தின் குங் மக்களைப் பற்றி மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் இருவரும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் உச்ச எடுத்துக்காட்டு. அங்குள்ள தாய்மார்கள் பகல் முழுவதும் மணிக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டொரு நிமிடம் மட்டும் பாலூட்டினார்கள். எவ்விதக் கருத்தடையும் இல்லாமலேயே அவர்களுடைய பிள்ளைகளுக்கிடையே ஏறக்குறைய நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. இதைக் கொண்டு சப்பும் தடவை ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. வட அர்ஜென்டினாவில் ஃபார்மோசா பகுதியைச் சேர்ந்த டோபா இனத் தாய்மார்கள் இரவும் பகலும் அடிக்கடி பாலூட்டுபவர்களே. ஆயினும் பலருக்கு ஓராண்டு நிறைவதற்கு முன்பே மாதவிடாய் திரும்பிவிடுகிறது. அவர்களை ஆராய்ந்த கிளாடியா வலேஜியாவும் பீட்டர் எலிசனும், தாயின் உடலில் பால் சுரப்புக்குப் போக எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்பதும் சேர்ந்தே காலத்தை முடிவு செய்கிறது என்று விளக்கினார்கள். நன்றாகச் சாப்பிட்டு, அதிகம் அலையாத உடல் சீக்கிரம் தேறிவிடுகிறது. அக்காவுக்கும் எனக்கும் இடையிலான வேறுபாட்டில் இதற்கும் பங்கிருக்கலாம். என் பத்தியச் சோற்றைப் பாதிக்குமேல் நான் தொட்டதில்லை என்பது என் அம்மாவின் தீராத குறை.

பாலூட்டுவதைக் கருத்தடை முறையாக நம்பலாமா என்பதற்கு 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய ஆய்வாளர்கள் திட்டவட்டமான விடை தந்தார்கள். பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் இன்னும் வந்திருக்கக் கூடாது; குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறத்தாழ அது மட்டுமே கொடுக்கப்பட வேண்டும்; குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருசேர இருக்கும்வரை கருத்தரிப்பதிலிருந்து 98 விழுக்காட்டுக்கும் மேலான பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தக் கணக்குப் பொருந்தாது. பாலூட்டும் இடைவெளி பகலில் நான்கு மணி நேரத்தையும் இரவில் ஆறு மணி நேரத்தையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையும் இத்துடன் சேர்ந்தது. ஆச்சியின் உறுதிமொழியில் இந்த நிபந்தனைகள் எதுவும் இல்லை. அவருடைய அன்றாடத்திலேயே அவை அடங்கியிருந்ததால் அவற்றைத் தனியாகச் சொல்லும் தேவை அவருக்கு எழவில்லை என்றே நினைக்கிறேன்.

“தாய்ப்பால் மட்டும்” என்பதில்தான் நம் வீடுகளில் கணக்கு வழுக்குகிறது. பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பது, குளிப்பாட்டியபின் உரை மருந்து உரைத்துப் புகட்டுவது, வெயில் காலத்தில் “நாக்கு வறளுமே” என்று சங்கில் தண்ணீர் கொடுப்பது, வயிற்று உப்புசத்துக்கு கிரைப் வாட்டர் என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். முதல் ஆறு மாதத்தில் இவை எதுவும் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்வது குழந்தையின் நலம் கருதி. மாதவிடாயைப் பொறுத்தவரை, எப்போதாவது ஒருமுறை நாக்கில் தடவும் மருந்தால் பெரிய மாற்றம் நேராது. ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாகப் புட்டிப் பால் வரும்போதுதான் நேர்கிறது. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் ஏறக்குறைய 64 விழுக்காட்டினர்தான். மற்ற வீடுகளிலும் தாய் “பால் கொடுப்பவள்” என்றே அழைக்கப்படுகிறாள், அதே நம்பிக்கையோடுதான் இருக்கிறாள்.

வேலைக்குத் திரும்பும் பெண்களின் நிலை தனி. 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு கிடைக்கிறது. அது முடியும் தறுவாயில்தான் இணை உணவும் தொடங்குகிறது, ஆறு மாத எல்லையும் கடக்கிறது. மூன்று மாற்றங்களும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. சட்டம் எட்டாத வேலைகளில் இருப்பவர்களோ இதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். பகல் முழுவதும் பம்ப்பில் பாலை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் செல்வதால் குழந்தைக்குத் தாய்ப்பால் குறைவதில்லை என்றாலும், பம்ப்பின் உறிஞ்சலும் குழந்தையின் சப்புதலும் உடலுக்கு ஒன்றாகத் தெரிவதில்லை போலும். சிலி நாட்டில் வேலைக்குச் சென்றுகொண்டே தாய்ப்பால் மட்டும் கொடுத்த பெண்களைக் கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கருவுற்றவர்கள் நூற்றுக்கு ஐவர். இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு என்ற பெல்லாஜியோ கணக்கோடு ஒப்பிட்டால் இது சிறு வேறுபாடன்று.

இவை எல்லாவற்றிலும் பெண்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம், முட்டை முதலில் வெளியேறுகிறது, உதிரம் அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே வருகிறது என்ற எளிய வரிசை. “மாதவிடாய் வரட்டும், அதன்பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று காத்திருப்பவளுக்கு அந்த முதல் முட்டையிலேயே கரு தங்கிவிட்டால், அவள் காத்திருக்கும் உதிரம் வரவே வராது. அது வராததைப் பாலூட்டுவதன் விளைவு என்றே அவளும் எண்ணிக்கொள்வாள். முதல் ஆறு மாதத்தில் இதற்கான வாய்ப்பு குறைவு. அந்தக் காலத்தில் திரும்பும் முதல் மாதவிடாய் பெரும்பாலும் முட்டை வெளியேறாமலே வருகிறது, அல்லது வெளியேறினாலும் கருவைத் தாங்கும் அளவுக்கு ஹார்மோன் சுரப்பதில்லை. மாதங்கள் கூடக்கூட முதல் மாதவிடாய்க்கு முன்பே நல்ல முட்டை வெளியேறும் வாய்ப்பும் கூடுகிறது. அதே வேளையில் பிரசவத்துக்குப் பின் முதல் 56 நாட்களுக்குள், தாய்ப்பால் மட்டும் கொடுப்பவருக்குக் காணும் உதிரத்தை மாதவிடாயாகக் கொள்வதில்லை. பச்சை உடம்பில் விட்டு விட்டுப் படும் உதிரத்தைக் கண்டு “அதற்குள் வந்துவிட்டதா” என்று பதற வேண்டியதில்லை. பாலே கொடுக்காதவர்களுக்கு நிலைமை வேறு: அவர்களுக்குப் பிரசவமாகி நான்காம் வாரத்திலேயே முட்டை வெளியேறக்கூடும்.

மாதவிடாய் வந்தால் பால் கெட்டுவிடும், குழந்தைக்குச் சீர் தட்டும் என்று சொல்லிப் பாலை நிறுத்தச் செய்யும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கெடுவதில்லை. சிலருக்கு அந்த நாட்களை ஒட்டிப் பால் சற்றுக் குறையலாம், காம்பில் வலி தோன்றலாம், குழந்தை சிணுங்கலாம்; சில நாட்களில் சரியாகிவிடும்.

அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்று நினைப்பவர்கள் ஆறாம் மாதம் வரை காத்திராமல் முன்கூட்டியே ஒரு முறையைத் தேர்ந்துகொள்வதே சரி என்பது என் கருத்து. பிரசவம் முடிந்த கையோடு பொருத்தப்படும் காப்பர்-டி பாலைப் பாதிப்பதில்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, அரசு மருத்துவமனைகளில் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் ஹார்மோன் அல்லாத மாத்திரையும் பாலூட்டுபவர்களுக்கு ஏற்றது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. அதனாலும் மாதவிடாய் தள்ளிப்போகக்கூடும் என்பதை முன்பே அறிந்திருந்தால் வீண் கவலை மிச்சம். ‘அந்தரா’ என்ற கருத்தடை ஊசியைப் பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த ‘மாலா-என்’ போன்ற மாத்திரைகளைப் பாலூட்டும் முதல் ஆறு மாதம் தவிர்க்கச் சொல்கிறார்கள். எது யாருக்குப் பொருந்தும் என்பதைப் பெண் மருத்துவரோ, கிராம சுகாதாரச் செவிலியரோ உடல்நிலை பார்த்துச் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்தில், அடுத்த குழந்தைக்கு ஆசைப்பட்டும் மாதவிடாய் திரும்பாமல் இருப்பவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களிடம் உடனே சொல்லப்படுவது “பாலை மறக்கடி” என்பதுதான். மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவிப் பிள்ளையை அழவிட்டு ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முழுவதுமாக நிறுத்த வேண்டிய கட்டாயம் பலருக்கு இருக்காது. இரவுப் பாலை மட்டும் குறைப்பதோ, பகலில் நீண்ட இடைவெளி விடுவதோ சிலருக்குப் போதுமானதாக இருக்கும். அப்படியே கரு தங்கினாலும், சிக்கலில்லாத கர்ப்பமாக இருந்தால் மூத்த குழந்தைக்குப் பால் கொடுப்பதைத் தொடரலாம். மாதம் செல்லச் செல்லப் பால் தானாகக் குறைந்து சீம்பாலாக மாறும்போது பல குழந்தைகள் தாமாகவே விலகிவிடுகின்றன. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையையும், இரத்தசோகை பரவலாக உள்ள நம் பெண்களின் உடல்நிலையையும் எண்ணினால் அவசரப்படுவதில் பொருளில்லை. மாதவிடாய் இல்லாத மாதங்களில் உடலில் சேமிப்பாகும் இரும்புச்சத்தை நம்மில் பலர் இழப்பாக அல்லவா பார்க்கிறோம்!

பாலை முழுவதும் நிறுத்தி மூன்று மாதம் கடந்தும் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறு இருக்கிறதா என்றும் சோதிக்கப்படும். பிரசவத்தின்போது பெருமளவு இரத்தம் இழந்து, பாலும் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல், தீராத சோர்வோடு இருப்பவர் இந்த மூன்று மாதக் கணக்கைக்கூடப் பார்க்கக் கூடாது. பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால் உடனே செல்ல வேண்டும். பாலூட்டிக்கொண்டே இருப்பவருக்குத் திடீரென்று குமட்டலோ, மார்பில் புதிய வலியோ தோன்றினால் மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்துவிடலாம். பாலூட்டுவதால் அதன் முடிவு மாறுவதில்லை. கர்ப்பம் உறுதியாகி மருத்துவமனைக்குச் சென்றால் பதிவேட்டுக்காக முதலில் கேட்கப்படும் கேள்வி கடைசியாக மாதவிடாய் வந்த தேதி என்ன என்பதுதான். சங்கடப்பட்டு ஏதோ ஒரு தேதியைச் சொல்லிவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரவே இல்லை என்று சொன்னால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து அவர்களே நாளைக் கணித்துக்கொள்வார்கள்.